சிறு நீர்மின் திட்டம்: மாணாக்கர் குழுவுக்கு ஒரு பாடம்

ஹைதராபாத் நகரின் கிழக்கே, வாரங்கல் செல்லும் நெடுஞ்சாலையில் உப்பல் அமைந்துள்ளது. இந்திய நில அளவைத் துறையின் பயிற்சிக் கழகம் இவ்விடத்தில் இருக்கிறது. நகரத்திலிருந்து உப்பலுக்கு வரும் சாலையில், 1961-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்ற தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சிக் கழகம் உள்ளது. இவ்வட்டாரத்தில் நீர்வீழ்ச்சி ஒன்றும் இல்லை. தெற்கே ஓடும் மூசி ஆறும் பீடபூமியின் மீது மெல்லச் செல்வதே ஆகும். ஆயினும், சிறு நீர்மின் திட்டம் ஒன்றை வகுக்க முற்படும் பொறியியல் மாணாக்கர் முதலில் கற்க வேண்டிய இரண்டு காரியங்கள் இங்கே பயிலப்படுகின்றன. நிலத்தின் உயரத்தைப் பிழையின்றி அளத்தல் ஒன்று. மண்ணுக்குக் கீழே பாறை எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைத் தோண்டாமலே அறிதல் மற்றொன்று.

நீர்மின் திட்டத்தைத் தனியொருவர் முழுமையாக வகுத்துவிட இயலாது. மழையைப் பற்றி அறிந்தவர், நிலத்தை அளப்பவர், கட்டுமானம் செய்பவர், யந்திரம் அமைப்பவர், மின்கம்பி இழுப்பவர் ஆகிய எல்லோரும் அதில் சேருகின்றனர். ஒருவர் தரும் எண்ணை வைத்தே அடுத்தவர் கணக்கிடுகிறார். ஆகவே ஓரிடத்தில் நேரும் சிறு பிழை, கைமாறிச் செல்லச் செல்லப் பெரும் பிழையாகலாம். இதனை மாணாக்கர் தாமே கணக்கிட்டுக் காணுமாறு செய்வது இப்பாடத்தின் நோக்கம்.

சிறு திட்டம் என்பது யாது?

நம் நாட்டில் 25 மெகாவாட் வரை உற்பத்தி செய்யும் நீர்மின் நிலையங்கள் சிறு நிலையங்கள் என வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 2 மெகாவாட்டுக்கு உட்பட்டவை மினி நிலையங்கள் என்றும், 100 கிலோவாட்டுக்கு உட்பட்டவை மைக்ரோ நிலையங்கள் என்றும் கூறப்படும்.

இந்தியாவின் நீர் மின்சார வரலாறு சிறு நிலையத்திலிருந்தே தொடங்குகிறது. டார்ஜிலிங் நகருக்கு அருகில் சித்ராபோங் என்னுமிடத்தில், 1897-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், 65 கிலோவாட் திறனுள்ள இரண்டு யந்திரங்கள் இயங்கத் தொடங்கின. மலை ஓடைகளின் நீரே அவற்றை இயக்கியது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1902-இல், காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பப்பட்டது. நீலகிரியின் பைக்காரா நிலையம் 1932-இல் இயங்கலாயிற்று. அங்கே நீர் 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய் வழியாக இறங்குகிறது.

தெலங்கானாவின் நிலை வேறு. பீடபூமியில் நீர் பெரும் உயரத்திலிருந்து விழுவதில்லை. ஆனால் பாசனக் கால்வாய்களில் சில மீட்டர் ஆழத்துக்கு நீர் படிபோல் இறங்கும் இடங்கள் உண்டு. ஸ்ரீராம்சாகர் திட்டத்தின் காகதீயக் கால்வாயில், பெத்தபள்ளி வட்டாரத்தில், இத்தகைய இறக்கங்களில் சிறு மின் நிலையங்கள் அமைக்கப்பட்டன. மலையில் உயரம் மிகுதி, நீர் குறைவு. கால்வாயில் நீர் மிகுதி, உயரம் குறைவு. இரண்டுக்கும் சூத்திரம் ஒன்றே: நீரின் அளவு, அது விழும் உயரம், புவியீர்ப்பு எண், செயல்திறன் ஆகிய நான்கையும் பெருக்கினால் மின்சக்தி கிடைக்கும். நீரைக் கனமீட்டரிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு 9.81-ஆல் பெருக்கினால் விடை கிலோவாட்டில் வரும்.

ஐந்து குழுக்கள்

வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்துக்கொள்ளலாம். முதற்குழு ஓடையின் நீரை அளக்கும். இரண்டாவது உயரத்தை அளக்கும். மூன்றாவது தடுப்பணை, வாய்க்கால், முன்தொட்டி, அழுத்தக் குழாய் ஆகியவற்றை வகுக்கும். நான்காவது டர்பைனைத் தேர்ந்தெடுக்கும். ஐந்தாவது ஜெனரேட்டர், கம்பி வழி, வீடுகளின் தேவை ஆகியவற்றைக் கவனிக்கும். செலவுக் கணக்கு ஐந்து குழுக்களுக்கும் பொது.

கீழே வரும் ஓடையும் ஊரும் பாடத்திற்காகக் கற்பனை செய்யப்பட்டவை. ஓடை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சரிவில் ஓடுவதாகவும், தென்மேற்குப் பருவமழையில் பெருகுவதாகவும், அடியில் 120 வீடுகளும் மாவரைக்கும் ஆலை ஒன்றும் இருப்பதாகவும் கொள்வோம்.

உயரத்தை அளத்தல்

நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டர் இடைவெளியில் வரையப்படுகின்றன. இரு கோடுகளுக்கு நடுவே உள்ள இடத்தின் உயரம் ஊகமே. ஆதலால் வரைபடத்தைப் பார்த்து, நீர் எடுக்கும் இடத்திற்கும் யந்திரசாலைக்கும் இடையே 50 மீட்டர் உயரம் உண்டு என இரண்டாம் குழு குறிக்கக்கூடும். அது இடத்தைத் தேர்ந்தெடுக்கப் போதும். யந்திரம் வாங்கப் போதாது. லெவல் கருவியும் அளவுத் தண்டும் கொண்டு மேலிருந்து கீழ்வரை அளந்து, மீண்டும் கீழிருந்து மேலே அளந்து சுற்றை முடித்தபோது 38.6 மீட்டர் எனக் கிடைத்ததாகக் கொள்வோம். மின்சக்தி உயரத்தின் நேர்விகிதத்தில் இருப்பதால், வரைபட ஊகத்தை நம்பியிருந்தால் எதிர்பார்த்ததில் கால் பங்கு அளவு கிடைக்காமற் போயிருக்கும்.

இக்காலத்தில் செயற்கைக்கோள் கருவி ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. அதனைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். செயற்கைக்கோள் முறை புவியின் உருவத்தைக் கணித வடிவமாகக் கொண்டு உயரத்தைத் தருகிறது; வரைபடம் கடல் மட்டத்திலிருந்து தருகிறது. ஹைதராபாத் பகுதியில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 70 மீட்டருக்கும் அதிகம். சில கருவிகள் இதனைத் தாமே திருத்திக் காட்டும், சில காட்டா. மேல் முனையின் உயரத்தை வரைபடத்திலும், கீழ் முனையின் உயரத்தைத் திருத்தம் இல்லாத கருவியிலும் எடுத்தால், 38 மீட்டர் 100 மீட்டருக்கு மேலாகத் தோன்றும். இரு முனைகளையும் ஒரே முறையில் அளக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நீரை அளத்தல்

நீரின் அளவு ஒரு நாளில் எடுத்து முடிக்கும் அளவன்று. சிறு ஓடையில் குறுக்கே ஒரு பலகையை நிறுத்தி, அதில் செங்கோணமாக வெட்டப்பட்ட இடைவெளி வழியே நீர் வழியச் செய்வது எளிய முறை. வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் நிற்கும் உயரத்தை, பலகைக்குச் சற்று மேற்புறத்தில், அளவுகோலில் படிக்க வேண்டும். அவ்வுயரத்தின் இரண்டரையாம் படியை 1.38-ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கனமீட்டர் என்பது கிடைக்கும். மழைக்காலப் பெருக்கில் பலகை பயன்படாது; அப்போது மிதவை ஒன்றை விட்டு வேகத்தைக் கணிக்கலாம். நீரின் மேற்பரப்பு வேகம் சராசரி வேகத்தைவிட மிகுதி. ஆதலால் மிதவையின் வேகத்தை 0.85-ஆல் பெருக்குவது வழக்கம். கற்கள் நிறைந்த ஆழமற்ற ஓடையில் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஓடையில் மாதச் சராசரி ஓட்டம், விநாடிக்கு லிட்டர் கணக்கில், பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம்: ஜூன் 140, ஜூலை 460, ஆகஸ்ட் 620, செப்டம்பர் 540, அக்டோபர் 330, நவம்பர் 210, டிசம்பர் 150, ஜனவரி 115, பிப்ரவரி 90, மார்ச் 70, ஏப்ரல் 55, மே 45.

இதில் 20 லிட்டரை எப்பொழுதும் ஓடையிலேயே விட்டுவிட வேண்டும். தடுப்பணைக்கும் யந்திரசாலைக்கும் இடைப்பட்ட ஓடையில் மீன்களும், கரையில் நீர் அருந்தும் கால்நடைகளும் உள்ளன. எஞ்சியதே யந்திரத்திற்கு உரியது.

எந்த அளவு யந்திரம்?

மாணாக்கர் பெரும்பாலும் முதலில் ஆண்டுச் சராசரியைக் கணக்கிடுவர். நம் ஓடையில் அது 235 லிட்டர். 20 லிட்டரை நீக்கினால் 215. குழாயில் ஏற்படும் இழப்புக்குப் பின் உயரம் 34.7 மீட்டர் என்றும், டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்த செயல்திறன் 60 சதவீதம் என்றும் கொண்டால், ஏறத்தாழ 44 கிலோவாட் யந்திரம் அமைக்கலாம் எனத் தோன்றும்.

இவ்வெண் பார்வைக்குக் கவர்ச்சியானது. ஆனால் அவ்வளவு நீர் ஜூலை முதல் அக்டோபர் வரை நான்கு மாதங்களே வருகிறது. ஏப்ரலில் வருவது யந்திரத்தின் முழு ஓட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மே மாதத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு குறைந்த நீரில் டர்பைன் பயன்தரும் வகையில் சுழலாது. ஆகவே பெரிய யந்திரம் வைத்த ஊர், கோடையின் இரு மாதங்களில் இருளில் இருக்க நேரிடும்.

மாறாக, எட்டு மாதங்கள் தவறாமல் கிடைக்கும் நீரை அளவாகக் கொள்வோம். ஜூன் முதல் ஜனவரி வரை 110 லிட்டருக்குக் குறையாமல் ஓடுகிறது. 20 நீக்க 90 லிட்டர். இதற்கு 18.4 கிலோவாட் யந்திரம் போதும். மே மாதத்து 25 லிட்டர் இதன் முழு ஓட்டத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேலாகும். இத்தகைய ஏற்றத்தாழ்வான ஓட்டத்திற்குக் குறுக்கு ஓட்ட டர்பைன் ஏற்றது. ஆஸ்திரேலியாவின் மிச்செல், ஹங்கேரியின் பாங்கி ஆகிய இருவர் பெயராலும் வழங்கும் இந்த யந்திரம் எளிய பட்டறையிலும் செய்யத்தக்கது. நீர் குறைந்தாலும் இதன் செயல்திறன் சட்டென வீழ்வதில்லை. நீரேற்றும் பம்பைத் திருப்பி டர்பைனாகப் பயன்படுத்துவது மலிவுதான். ஆனால் ஓட்டம் குறையும்போது அதன் செயல்திறன் வெகுவாகக் குறைந்துவிடும்.

குழாயும் கருவியும்

மூன்றாம் குழு 110 மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள எஃகுக் குழாயைத் தேர்ந்தெடுத்தது எனக் கொள்வோம். முழு ஓட்டத்தில் உராய்வினால் 3.9 மீட்டர் உயரம் இழக்கப்படுகிறது. உராய்வு இழப்பு குழாய் விட்டத்தின் ஐந்தாம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், விட்டத்தை 25 சென்டிமீட்டராக்கினால் இழப்பு 1.3 மீட்டராகக் குறையும், 1.4 கிலோவாட் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் இந்த ஆதாயம் நீர் நிறைந்த மாதங்களில் மட்டுமே உண்டு. மே மாதத்தில் ஓட்டம் மிகக் குறைவாதலால் சிறு குழாயிலேயே இழப்பு 0.3 மீட்டர்தான். பற்றாக்குறையான மாதத்திற்கு உதவாத எஃகுக்குப் பணம் செலவிடலாமா என்பதைக் குழுக்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும்.

குழாயில் நீர் விநாடிக்கு 2.9 மீட்டர் வேகத்தில் செல்கிறது. வால்வைத் திடீரென மூடினால், ஓடும் நீர் மோதி, ஏறத்தாழ 350 மீட்டர் நீர் உயரத்திற்குச் சமமான அழுத்தம் எழும். அது சாதாரண அழுத்தத்தைப் போல் ஒன்பது மடங்கு. மெல்ல, பத்து விநாடிகளில் மூடினால் ஒரு சில மீட்டர் அளவே உயரும். ஊரில் விளக்குகள் அனைத்தும் ஒரே சமயம் அணைந்தால் டர்பைன் வேகம் கொள்ளும்; அதை அடக்க நீரை விரைவாகக் குறைத்தால் குழாய் வெடிக்கும். இதற்கு ஐந்தாம் குழுவிடம் ஒரு வழி உண்டு. மின்னணுச் சுமைக் கட்டுப்பாட்டுக் கருவி, வீடுகள் எடுக்காத மின்சாரத்தை நீர்த்தொட்டியில் வைத்த வெப்பச் சுருளுக்குத் திருப்பிவிடும். யந்திரத்தின் சுமை மாறாமல் இருப்பதால் வால்வைத் தொடவே வேண்டியதில்லை. கட்டுமானக் குழுவின் கவலையை மின்சாரக் குழு தீர்த்துவைக்கும் இவ்விடம், கூட்டு வேலையின் பயனை மாணாக்கருக்கு நன்கு உணர்த்தும்.

தடுப்பணையின் அடித்தளத்திற்குப் பாறை எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதை, நிலத்தில் மின்முனைகளை நட்டு மின்தடையை அளந்து அறியலாம். ஈர மண்ணும் பாறையும் மின்சாரத்தை வெவ்வேறு அளவில் தடுப்பதே இம்முறையின் அடிப்படை.

மே மாதக் கணக்கு

இனி எல்லாக் குழுக்களின் எண்களையும் ஒன்றுசேர்த்து, ஆண்டின் மிகக் கடினமான மாதத்தைச் சோதிப்போம். யந்திரத்திற்குக் கிடைக்கும் நீர் 25 லிட்டர். குழாய் இழப்பு குறைந்துவிட்டதால் உயரம் 38.3 மீட்டர். குறைந்த ஓட்டத்தில் செயல்திறன் 50 சதவீதம் எனக் கொள்வோம். உற்பத்தி 4.7 கிலோவாட். கம்பி வழியில் 8 சதவீதம் போக, வீடுகளைச் சேர்வது 4.3 கிலோவாட். அதை 120 வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 36 வாட். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் மூன்றும், கைப்பேசிக்கு மின்னேற்றமும் இதற்குள் அடங்கும். மாவு ஆலைக்கு 7.5 கிலோவாட் தேவை. அது பகலில் மார்ச் வரை ஓடலாம், ஏப்ரலிலும் மே மாதத்திலும் நிற்க வேண்டும்.

இப்பொழுது முதற்குழுவின் அளவுகோலுக்குத் திரும்புவோம். விநாடிக்கு 45 லிட்டர் என்பது வெட்டுப் பலகையில் சுமார் 25 சென்டிமீட்டர் நீர் உயரம். அதைப் படித்த மாணவர் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகப் படித்திருந்தால், ஓட்டத்தில் பிழை 10 சதவீதம், அதாவது ஏறக்குறைய நாலரை லிட்டர். ஓடைக்கு விடும் 20 லிட்டர் மாறாதது. ஆகவே பிழை முழுவதும் யந்திரத்திற்கு உரிய 25 லிட்டரின் மீதே விழுகிறது. அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அளவுகோலில் ஒரு சென்டிமீட்டர் தவறினால், கோடையில் 120 வீடுகளில் இருபதுக்கு மேற்பட்ட வீடுகளின் வெளிச்சம் காகிதத்தில் மட்டுமே இருக்கும். கணிப்பொறியில் எத்தனை தசம இலக்கம் வரை கணக்கிட்டாலும் இப்பிழை நீங்காது.

அன்றியும், ஓராண்டு அளவீடு போதாது. அளந்த ஆண்டு நல்ல மழை பெய்த ஆண்டாக இருந்திருக்கலாம். 1875-இல் தோன்றிய இந்திய வானிலைத் துறையின் பழைய மழைக் குறிப்புகளோடு ஒப்பிட்டு, மழை குன்றிய ஆண்டுகளில் ஓடை எவ்வாறு இருந்திருக்கும் எனக் கணிக்க வேண்டும். கரையில் வாழும் முதியோரைக் கேட்பதும் பயனுள்ளது. எந்த ஆண்டில் ஓடை வற்றியது என்பது அவர்களுக்கு நினைவிருக்கும்.

ஊராரின் இசைவு

ஓடை நீர் முன்னமே யாருடைய வயலுக்கேனும் பாய்ந்துகொண்டிருக்கலாம். திட்டம் வகுக்குமுன் அவர்களைக் கலந்துகொள்வது இன்றியமையாதது. யந்திரத்தை இயக்கிப் பராமரிப்பவர் யார், கட்டணம் எவ்வளவு, குப்பை வலையைத் தினமும் துப்புரவு செய்வது யார் பொறுப்பு என்பவையும் திட்டத்தின் பகுதிகளே.

பொது மின்வழி அவ்வூருக்கு வந்துள்ளதா என்பதையும் கேட்க வேண்டும். 2017-இல் தொடங்கப்பெற்ற சௌபாக்யா திட்டத்தின் பின், நம் நாட்டில் மின் இணைப்பு இல்லாத ஊர்கள் அரிதாகிவிட்டன. இலங்கையின் மலைநாட்டில் கிராமத்தார் தாமே நடத்திவந்த சிறு நிலையங்கள் பல, பொது மின்வழி வந்தபின் கைவிடப்பட்டன. ஆகவே, மின்வழியோடு இணைத்து மின்சாரத்தை விற்கத்தக்கவாறு நிலையத்தை வகுக்க இயலுமா என்பதை மாணாக்கர் ஆராய வேண்டும். சூரிய மின்தகடுகள் மலிந்துவிட்ட இந்நாளில் அவற்றோடு ஒப்பிடுதலும் தகும். ஓடை வற்றும் கோடையில் வெயில் மிகுதி. வெயில் குன்றும் மழைக்காலத்தில் ஓடை நிறைவு. இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகலாம்.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

ஒவ்வொரு குழுவும் மற்றொரு குழுவுக்கு எண்ணைத் தரும்போது நான்கு செய்திகளை உடன் எழுதித் தரவேண்டும்: அளந்தவர் யார், அளந்த நாள் யாது, அளந்த முறை யாது, பிழை எவ்வளவு இருக்கலாம். இதற்கென ஒரு பொதுப் பதிவேடு வைத்தல் நலம். வாரம் ஒருமுறை ஐந்து குழுக்களும் கூடி, மாறிய எண்களை அறிவிக்க வேண்டும். ஓர் எண் மாறினால், அதைச் சார்ந்த எல்லாக் கணக்குகளும் மீண்டும் செய்யப்பட வேண்டும். இதனை வீண் வேலை என மாணாக்கர் எண்ணாதிருக்கச் செய்வது ஆசிரியரின் கடமை. நீரை அளந்த குழுவை டர்பைன் கணக்கையும், டர்பைன் குழுவை நீர்க்கணக்கையும் சரிபார்க்கச் செய்தால், பிறர் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது தானே விளங்கும்.

களப் பணியாளர்கள் இதில் பெரிதும் உதவலாம். தங்கள் வட்டாரத்து ஓடை ஒன்றில் அளவுகோல் நட்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் படித்து எழுதிவருதல் எளிய காரியம். பல ஆண்டுகள் விடாமல் எழுதப்பட்ட அத்தகைய குறிப்பேடு, திட்டம் வகுப்போருக்கு எந்தக் கருவியும் தர இயலாத உதவியைத் தரும்.

பயிற்சி வினாக்கள்

1. வெட்டுப் பலகையில் நீர் உயரம் 30 சென்டிமீட்டர். ஓட்டம் எவ்வளவு? (விடை: விநாடிக்கு சுமார் 68 லிட்டர்.)

2. ஒரு பாசனக் கால்வாயில் விநாடிக்கு 10 கனமீட்டர் நீர் 4 மீட்டர் இறங்குகிறது. செயல்திறன் 75 சதவீதமானால் மின்சக்தி எவ்வளவு? (விடை: சுமார் 294 கிலோவாட்.)

3. மே மாதத்தில் பகலில் நீரைத் தேக்கி, மாலையில் ஐந்து மணி நேரம் யந்திரத்திற்கு இரு மடங்கு நீர் தர வேண்டும். எவ்வளவு கொள்ளளவுள்ள தொட்டி தேவை? (விடை: 450 கனமீட்டர்.) அத்தொட்டியை அமைக்க மலைச் சரிவில் இடம் உண்டா என்பதை எந்தக் குழு சொல்ல வேண்டும்?

4. ஓடைக்கு விடும் 20 லிட்டரை 10 ஆகக் குறைத்தால் மே மாதத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு வாட் கூடும்? அவ்வாறு குறைக்கலாமா? யாரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்?